நோட்டுப் புத்தகம் அப்புறம் கொடுக்கலாம்: சிற்றூர் அறக்கட்டளையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. தெருவில் பாதி வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் சொளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். ஆண்களில் கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, கேரளாவுக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் உண்டு. இங்கே ஓர் அறக்கட்டளை இருக்கிறது என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வாடகைக்கு ஓர் அறை, பழைய கணினி, பிரிண்டர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், கல்லூரியில் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் சிலர். தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில் நடக்கும் அறக்கட்டளைகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நோட்டுப் புத்தகம் எப்போ சார் கொடுக்கப் போறோம்?" என்பதுதான். கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாவற்றையும் அரசே கொடுக்கிறது. மதியச் சாப்பாடு எப்போதோ வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கி, தொடக்கப் பள்ளிகளில் காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு இல்லாதது வேறு. தங்களுக்கு என்னென்ன சேர வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. எந்த மாதம் எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தைக் கொடுப்பது என்று தெரியாது. கூட வந்து வரிசையில் நிற்கவும் ஆள் இல்லை. அந்த ஆளாக இருப்பதுதான் உங்கள் வேலையில் பெரும்பகுதி. அதை எப்படிச் செய்வது என்று என் அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன். தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறும்; ஒவ்வொரு கல்வியாண்டுத் தொடக்கத்திலும் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் வீட்டுக்குப் போங்கள்

வெறுங்கையோடு போங்கள். முதல் நாளே கையில் பையோடு போனால், அந்த வீட்டில் நீங்கள் எப்போதும் பை கொண்டுவருகிற ஆள்தான். காலை நேரம் வேண்டாம். பீடிக் கம்பெனிக் கடையில் கட்டு ஒப்படைக்கும் நேரமும் வேண்டாம். அந்த நேரத்தில் ஒருவரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், மூன்று மணி வாக்கில் திண்ணைகள் நிறைந்திருக்கும். இலை வெட்டிக்கொண்டோ சுற்றிக்கொண்டோ பேசுவார்கள், கை நிற்காது. நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். நாற்காலி எடுத்துப் போட்டால், "இல்ல மதினி, இங்கேயே இருக்கேன்" என்று தரையில் உட்காருங்கள்.

முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்பதாக இருக்கக் கூடாது. அப்படிக் கேட்டால், "ஒண்ணும் வேண்டாம், நல்லாத்தான் இருக்கோம்" என்பார்கள், அல்லது கேட்டால் கிடைக்கும் என்று தோன்றுகிற எதையாவது சொல்வார்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள்.

"பெரியவ எத்தனாவது படிக்கா?"

"எட்டாவது. அவ அப்பா இருந்திருந்தா தென்காசியில சேத்திருப்பாரு."

இந்த ஒரு பதிலில் உங்களுக்கு இரண்டு செய்திகள் கிடைத்துவிட்டன. எட்டாம் வகுப்பு என்றால் அந்தப் பிள்ளை இந்த ஆண்டு ஒரு உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். அப்பா இல்லை என்றால் அந்த வீட்டுக்கு வர வேண்டிய பணம் வேறு சில உண்டு. ஆனால் அன்றைக்கே அதையெல்லாம் எடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது, "மதினி, ரேஷன் கார்டையும் பிள்ளைங்க ஆதாரையும் கொஞ்சம் எடுத்து வைங்க, பார்த்துட்டுத் தாரேன்" என்றால் போதும். அசல் காகிதம் எதையும் வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். போனில் படம் எடுங்கள், அங்கேயே திருப்பிக் கொடுங்கள். அசலை வாங்கிக்கொண்டு போன ஆட்களால் இந்த வீடுகள் ஏற்கெனவே பட்டிருக்கின்றன.

ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏடு

நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் ஆதாரில், ரேஷன் கார்டில், பள்ளிச் சான்றில், வங்கிப் புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே தனித்தனியாக எழுதுங்கள். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுத வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் புதியவர் ஒருவரை நம்பி வேறு எதையும் ஒப்படைக்கும் முன் நான் பார்ப்பது இந்த ஒரு பக்கத்தைத்தான்.

ஏன் என்று ஒரு உதாரணத்தில் பார்ப்போம். டி.சி.யில் "மு. செல்வி". ஆதாரில் "செல்வி முருகன்". வங்கிப் புத்தகத்தில் "செல்வி எம்". அம்மாவின் பெயர் ஒன்றில் முத்துலட்சுமி, இன்னொன்றில் முத்துலெட்சுமி. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று ஆட்கள். உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று வந்தால், பெரும்பாலும் காரணம் இந்த இனிஷியல்தான்.

எதை எதற்கு ஒத்துப்போகும்படி திருத்துவது? படிக்கிற பிள்ளை என்றால் பள்ளிப் பதிவை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பெயர்தான் வாழ்நாள் முழுக்க ஓடும். அதை மாற்ற அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துப்போய், தலைமையாசிரியர் முன்னால் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். அப்புறம் ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான். "சும்மா போட்டுப் பார்ப்போம்" என்று ஒரு வாய்ப்பை வீணாக்கக் கூடாது. பிள்ளைக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள்.

வங்கிக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. "ஆதார் இணைச்சாச்சு சார்" என்பார்கள். இணைத்திருப்பது ஒன்று; அரசுப் பணம் வந்து விழுகிற கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. ஓர் ஆதாருக்கு ஒரு கணக்குதான் அப்படிப் பதிவாகும். பையன் கல்லூரிக்குப் போய் வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்தால், பதிவு அதற்கு மாறிவிடலாம். பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு "பணமே வரலை" என்று உட்கார்ந்திருப்பார்கள். பணம் புதுக் கணக்கில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள், அப்புறம் புகார் கொடுங்கள்.

காகிதங்களுக்கு ஒரு வரிசை உண்டு

சாதிச் சான்றிதழ் ஒரு முறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும். இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் தலா 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று நகரும். நகராவிட்டால் எங்கே நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்த்து, அந்த அலுவலகத்துக்கு மட்டும் போங்கள். மே, ஜூன் மாதங்களில் ஊரே விண்ணப்பிக்கும், வி.ஏ.ஓ. மேசையில் இடமிருக்காது. ஏப்ரலிலேயே போட்டுவிடுகிறவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். எங்கள் அறையில் மார்ச் கடைசி வாரம் என்றால் வருமானச் சான்று வாரம்தான்.

வருமானச் சான்று கையில் வந்ததும் முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடுவார்கள். அட்டையைத் தேட வேண்டிய நாளில் அலைய நேரமிருக்காது. இப்போதே ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

பீடி சுற்றும் வீடாக இருந்தால் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த அட்டைக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையில் நல்ல மதிப்பு உண்டு. முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே கல்வி உதவித்தொகை உண்டு. வகுப்பையும் படிப்பையும் பொறுத்து ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்ததோடு வேலை முடிந்துவிடாது: பள்ளியும் தன் பக்கம் உள்ளே போய்ச் சரிபார்த்து அனுப்பினால்தான் விண்ணப்பம் மேலே போகும். ஆகவே விண்ணப்பித்த அன்றைக்கே எண்ணைச் சீட்டில் எழுதிப் பள்ளியில் கொடுங்கள். அடுத்த வாரம் போய், "சார், அனுப்பியாச்சா?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே கேளுங்கள்.

கட்டுமான வேலை, தையல், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு மாநில நல வாரியங்கள் உண்டு. 18 வயதிலிருந்து 60 வரை சேரலாம். பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, விபத்துக்கு என உதவிகள் உண்டு. சேருகிறவர்கள் நிறைய, புதுப்பிக்கிறவர்கள் குறைவு. புதுப்பிக்க வேண்டிய தேதியைக் குடும்ப ஏட்டின் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

குடும்பத்தில் சம்பாதிக்கிறவர் இறந்துபோனால்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. துக்க வீட்டில் காகிதம் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கும். பதினாறாம் நாள் வரை பேச வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு, இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமோ அலைச்சலோ இல்லை. வீட்டில் நடந்த இறப்பு என்றால் பேரூராட்சி அலுவலகத்தில் சொல்லியாயிற்றா என்று மாமன், சித்தப்பா யாரையாவது தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

அதற்கப்புறம் இந்த வரிசையில் போங்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் வாரிசுச் சான்றிதழ். இந்த இரண்டும் இல்லாமல் வங்கியோ காப்பீடோ பி.எஃப்.போ எதுவும் அசையாது. அடுத்தது மனைவிக்கு ஆதரவற்ற விதவைச் சான்றும் ஓய்வூதியமும். இதை எழுதும்போது மாதம் 1,200 ரூபாய். இறந்தவருக்கு பி.எஃப். இருந்ததா என்று கட்டாயம் விசாரியுங்கள். பீடித் தொழிலாளர்கள் பலருக்கு உண்டு, வீட்டுக்காரர்களுக்கே தெரிந்திருக்காது. இறந்தது அம்மா என்றாலும் கேளுங்கள். பீடி சுற்றிய அம்மாவின் பி.எஃப். கணக்கிலிருந்து அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் வரும் என்று சொன்னால், "பொம்பளை வேலைக்கு ஏது பென்சன்?" என்று சிரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓய்வூதியத் திட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனித் தொகை உண்டு.

பிள்ளைகளின் பெயரில் வரும் பெரிய உதவி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் கிடைப்பது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அப்பாவை இழந்து அம்மாவோடு வாழும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய். எந்தத் திட்டம் இந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதை அந்த அலகில் கேட்டே முடிவு செய்யுங்கள். அந்த அம்மாவைத் தனியே அனுப்பாதீர்கள். தென்காசிக்கு ஒரு நாள் போவது என்றால் அவருக்கு ஒரு நாள் பீடிக் கூலி போகிறது. ஒரு காகிதம் குறைந்து திரும்பினால் இரண்டு நாள். முந்தின நாளே எல்லாவற்றையும் இரண்டிரண்டு நகல் எடுத்து, படத்தோடு உறையில் போட்டுக் கொடுங்கள். அவர் போகும் நாளில் பஸ்சில் பக்கத்து இருக்கையில் நீங்களும் இருங்கள்.

சாயங்கால வகுப்பு

வகுப்பு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்: கோயில் மண்டபம், பள்ளிவாசல் வராந்தா, சர்ச் வளாகம், பேரூராட்சிக் கட்டடம். ஒரு சாதிக்கு மட்டும் உரியது என்று ஊர் நினைக்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். வைத்துவிட்டால் மற்ற தெருப் பிள்ளைகள் வர மாட்டார்கள். காரணத்தையும் யாரும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

ஐந்தரைக்குத் தொடங்கி ஏழு மணிக்கு விட்டுவிடுங்கள். பெண் பிள்ளைகள் ரொம்ப நேரமாவதற்குள் கூட்டமாக வீடு போய்ச் சேர வேண்டும். பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேராவது இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், தனியாக ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் பாடம் சொல்வது கிடையாது. இதில் உங்களை நாங்கள் சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் இதே விதிதான்.

புதிதாக ஒரு பிள்ளை வந்தால் எத்தனாவது படிக்கிறாள் என்பதை வைத்துப் பாடம் தொடங்காதீர்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். ஏழாவது படிக்கிற பிள்ளை "மரத்தின் நிழலில்" என்பதை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால், அறிவியல் கேள்வி பதில் மனப்பாடம் செய்யவைத்து என்ன பயன்? முதல் சில மாதங்கள் வாசிப்பு மட்டும் போதும். பள்ளியில் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

வகுப்புக்கு உண்மையான போட்டி டி.வி. கிடையாது, பீடிதான். சுற்றிய பீடியின் முனையை மடக்கிக் கொடுக்க அம்மாவுக்கு ஒரு கை வேண்டும், அது மூத்த மகளின் கை. "அவ இருந்தா இன்னும் நாலு கட்டு ஆகும்" என்று அம்மா சொல்வது பேராசையில் அல்ல. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அவரோடு சண்டைக்குப் போகாமல் நேரத்தைப் பேசி முடியுங்கள். கணக்கு முடிக்கிற நாள்களில் அவளுக்கு விடுப்பு, மற்ற நாள்களில் கட்டாயம் வர வேண்டும் என்றால் பெரும்பாலான அம்மாக்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒரு வேலை உண்டு. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு, சுருக்கமாக என்.எம்.எம்.எஸ். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது நான்கு ஆண்டில் 48,000. மனத்திறனுக்கு 90 கேள்வி, படிப்பறிவுக்கு 90 கேள்வி. படிப்பறிவைப் பள்ளியில் சொல்லித் தந்துவிடுவார்கள். எண் தொடர், படத் தொடர், திசை, குறியீடு மாதிரியான மனத்திறன் கணக்குகள்தான் பழக்கமில்லாதவை. ஜூலையிலேயே தொடங்கி வாரம் இரண்டு நாள் பழைய வினாத்தாள்களைப் போட்டால், பாடத்தில் நடுத்தரமாக இருக்கும் பிள்ளைகூடத் தேறிவிடும். தேறிய பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

சுண்டல் போடுகிறோம். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து ஊரே போடுகிறது. எங்கள் செலவில் அது கிடையாது.

மே, ஜூன், ஜூலை

இந்த மூன்று மாதமும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருக்கும், நண்பர்கள் கூப்பிடுவார்கள், போக முடியாது.

தேர்வு முடிவு வரும் நாளில் அறையைத் திறந்து வைத்திருங்கள். பாஸானவர்கள் இனிப்போடு அவர்களாகவே வருவார்கள். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அன்றைக்கே போங்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் தவறியவர்களுக்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு, அதில் தேறினால் அதே ஆண்டே மேலே படிக்கச் சேரலாம் என்பதை அப்பா அம்மா முன்னால் உரக்கச் சொல்லுங்கள். பிள்ளை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் அது சாதாரண அழுகைதானே என்று விட்டுவிடாதீர்கள். 14416 டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் நாள் முழுக்க ஆலோசகர்கள் இருப்பார்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கல்லூரி விண்ணப்பங்கள் மே மாதத்திலேயே தொடங்கிவிடும். அரசு கலைக் கல்லூரிக்கு ஒரு இணையதளம், பொறியியல் கலந்தாய்வுக்கு வேறொன்று, ஐ.டி.ஐ.க்கு இன்னொன்று. மூன்றுக்கும் கடைசித் தேதி வேறு வேறு; பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு, அந்த இடத்தில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. மார்க் இருந்தும், "இன்ஜினீயரிங்லாம் நமக்கு எதுக்கு?" என்று ஒதுங்கும் வீடுகளில் இதைச் சொன்னால் பேச்சே மாறும்.

சேர்ந்த பிறகு, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். முதலாவது 2022 செப்டம்பரிலும் அடுத்தது 2024 ஆகஸ்டிலும் வந்தன. பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். அங்கே இதற்கென்று ஒரு பேராசிரியர் இருப்பார், அவர் பெயரைக் கேட்டு ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பஸ்சில் தினமும் போய்வர முடியாத பிள்ளைக்கு அரசு விடுதிகள் இருக்கின்றன. கல்லூரி சேர்ந்த வாரமே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் பஸ் செலவைக் கணக்குப் பார்த்து நிறுத்திவிடுவார்கள்.

படிப்பை விட்ட பையன்கள்

இவர்கள் உங்கள் அறைக்கு வர மாட்டார்கள். டீக்கடையிலும் வாலிபால் மைதானத்திலும் இருப்பார்கள். அங்கே போய் அறிவுரை சொன்னால் "சரி அண்ணாச்சி" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுபடி பந்தை எடுப்பார்கள்.

அவர்களில் பாதிப் பேருக்கு மனசு வளைகுடாவில் இருக்கும். அதையே கைப்பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது பாஸாகாதவருடைய பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். சவூதி, ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனி அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது பாஸானால் அந்தத் தொல்லை இல்லை. "தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிவிடு, அப்புறம் போ" என்று சொன்னால் காதில் விழும். படிப்பின் அருமை பற்றிய பேச்சுக்கு இந்த ஒரு தகவல் அளவுக்குப் பலன் கிடையாது.

ஏஜென்ட் யார் என்றும் கேளுங்கள். பதிவுபெற்ற முகவரா என்பதை வெளியுறவுத்துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. லட்சங்களில் பேசினாலோ, "இப்போ விசிட் விசாவுல போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்றாலோ அந்தப் பையனின் அம்மாவை உடனே போய்ப் பாருங்கள். வட்டிக்குப் பணம் வாங்கப்போவது அவர்தான்.

ஊரிலேயே இருக்க நினைப்பவர்களுக்கு போலீஸ் தேர்வும் குரூப் 4ம்தான் கனவு. குரூப் 4க்குப் பத்தாவது போதும், 200 கேள்வியில் 100 தமிழ். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி தருகிறார்கள். காவலர் உடல்தகுதியில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். விடியற்காலையில் மைதானத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றால் பையன்கள் தாங்களாகவே வருகிறார்கள், ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போது கிளை நூலகத்துக்குக் கூப்பிட்டால் அதற்கும் வருகிறார்கள்.

நாம் தீர்க்கக் கூடாதவை

சில விஷயங்களில் நீங்கள் போன் எடுப்பதோடு சரி. பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்கிறார்கள், ஒரு குழந்தையை அடிக்கிறார்கள், வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. சொன்னவர் யார் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். மே மாதத்தில் பத்திரிகை அடித்த பிறகு தெரிந்தால்கூடச் சொல்லுங்கள். மண்டபத்தில் கல்யாணம் நிற்பதைவிட முந்தின வாரமே அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பேசுவது அந்தப் பெண்ணுக்கு நல்லது.

பாலியல் தொந்தரவு என்று ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் இருப்பது குற்றம். "ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது வருவார்கள், அவர்களில் உங்கள் உறவினரும் இருப்பார். உட்காராதீர்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவும் வைக்காதீர்கள். அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, தேதி போட்டு, பொறுப்பாளரிடம் அன்றைக்கே கொடுங்கள்.

பணமும் படமும்

கல்விக் கட்டணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், கல்லூரிக் கணக்கிலேயே கட்டுங்கள். எந்த நன்கொடைக்கும் ரசீது உண்டு, நூறு ரூபாய்க்கும் உண்டு. 80ஜி வரிச்சலுகை கேட்கிறவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது; வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். துபாயில் இருக்கிற நம்ம ஊர் அண்ணன் இந்திய பாஸ்போர்ட்டோடு தன் சம்பாத்தியத்தை அனுப்பினால் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாத அறக்கட்டளை வாங்கக் கூடாது. சித்தப்பாவுக்கு வருத்தமாக இருக்கும், விளக்கிச் சொல்லுங்கள்.

கடைசியாக, படம். பணம் கொடுத்தவர் பிள்ளையோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்பார். வேண்டாம். வகுப்பில் கூடப் படிக்கிறவர்கள் அந்தப் படத்தை வாட்சப்பில் பார்ப்பார்கள், மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளியில் என்ன பெயரில் கூப்பிடப்படும் என்று உங்களுக்கே தெரியும். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. பெயரை மறைத்துக் கல்லூரி ரசீதை நகலெடுத்து அனுப்புங்கள். அதுவும் போதாது என்கிறவரை, ஊருக்கு வரும்போது சாயங்கால வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் எடுக்க வரச் சொல்லுங்கள். பாதிப் பேர் வருவதில்லை. வந்த ஒருவர்தான் இப்போது எங்கள் எட்டாம் வகுப்புக்கு மனத்திறன் எடுக்கிறார்.